கான்டெஸாவுக்கு என்ன விலை சொல்வது?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஒரு காரோட விலையைப் பத்திப் பேசப்போறோம். ஓடுற கார் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல ஒரத்தநாடு பக்கம் ஒரு களத்துக் கொட்டகையில், நாலு பக்கமும் செங்கல் அடுக்கி, அதன் மேல் தூக்கி நிறுத்தியிருந்த கார். ஹிந்துஸ்தான் கான்டெஸா, 1.8 ஜிஎல்எக்ஸ், பெட்ரோல், வெள்ளை நிறம். வெள்ளை என்று ஆர்சி புக்கில் இருக்கிறது. நான் பார்க்கும்போது உமித் தூசியும் புறா எச்சமும் சேர்ந்து அது வேறு ஒரு நிறத்துக்கு வந்திருந்தது.

கார் என் பெரியப்பாவுடையது. அவர் காலமாகிவிட்டார். ஒரு வருஷம் தை அறுப்பு முடிந்த சமயம், பெரியம்மா போன் பண்ணினார்.

"தம்பி, அந்தக் காரக் கேட்டு ஆளு வந்துகிட்டே இருக்கு. ஆளுக்கொரு வெல சொல்றாங்க. நீதான் பழைய சாமான் கதையெல்லாம் பேசுறவனாச்சே. ஒரு நாள் வந்து என்ன வெலன்னு சொல்லிட்டுப் போ."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காரை வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசைப்பட்டவன் நான். பெரியம்மாவுக்கு அது தெரியாது. விலை சொல்ல வேண்டியவனும் நான், வாங்க நினைக்கிறவனும் நான். இந்த எபிசோடே அந்த இக்கட்டில் இருந்து வந்ததுதான். ஒரு பழைய காருக்கு "நியாய விலை" என்றால் என்ன? நம்ம ஊரில் இந்தக் கேள்வி புதுசு இல்லை. ஒரு காலத்தில் அது டெல்லி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

விலையை அரசாங்கம் வைத்த காலம்

அறுபதுகளில் இந்தியாவில் கார் வாங்க வேண்டும் என்றால் உங்களுக்கு முன்னால் இருந்தது மூன்றே மூன்று கம்பெனி. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், அம்பாசடர் செய்தது. பம்பாயில் பிரீமியர், ஃபியட் செய்தது. நம்ம சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ், ஹெரால்ட் செய்தது. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கே லைசென்ஸ் வேண்டும். கேட்கிறவர்கள் அதிகம், கார் குறைவு. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஃபியட்டுக்குத்தான் வரிசை ரொம்ப நீளம்.

இதனால் ஒரு விசித்திரம் நடந்தது. ஷோரூமில் இருந்து எடுத்து ஒரு வருஷம் ஓட்டிய காருக்கு, புதுக் காரைவிட அதிக விலை கிடைத்தது. ஏன் என்றால் பழைய கார் இன்றைக்கே கிடைக்கும், புதுக் கார் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வித்தியாசத்துக்கு ஆசைப்பட்டு வாங்கி விற்கிறவர்களைத் தடுக்க, 1959-லேயே கார் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் ஒரு கட்டுப்பாட்டு ஆணை வந்தது. புதுக் கார் எடுத்த உடனே நினைத்தபடி கைமாற்ற முடியாது.

1969-இல் மத்திய அரசு இன்னொரு படி மேலே போய், கார்களுக்கு விலையையே நிர்ணயித்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. எங்கள் செலவுக்கே இந்த விலை கட்டாது என்பது அவர்கள் வாதம். காரின் தரம் மோசம், இதற்கு இந்த விலையே அதிகம் என்பது வாங்குகிறவர்கள் பக்கம். விலையை ஆராய ஒரு கமிஷன் போட்டார்கள். கடைசியில் 1971 நவம்பரில், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

அந்தத் தீர்ப்பின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். நியாய விலை என்பது வாங்குகிறவனுக்கும் நியாயமாக இருக்க வேண்டும், செய்கிறவனுக்கும் ஒரு நியாயமான லாபம் விட வேண்டும். லாபமே இல்லை என்றால் யாரும் செய்யமாட்டான். கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அதைக் கணக்காக மாற்ற, இரும்பு விலை, கூலி, தேய்மானம், முதலீடு என்று கமிஷன் ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்க்க வேண்டியிருந்தது. எந்தச் செலவை விலையில் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதில்தான் சண்டை முழுவதும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொட்டகைக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

டெல்டாக்காரர்களுக்கு இது அந்நியமான விஷயமும் இல்லை. தன் பொருளுக்குத் தான் விலை சொல்ல முடியாமல், வேறு யாரோ வைத்த விலைக்கு விற்றுப் பழகிய மண் இது. நெல்லுக்கு ஆதார விலை டெல்லியில் முடிவாகும், கொள்முதல் இங்கே நடக்கும், ஈரப்பதம் 17 சதவிகிதம் தாண்டக் கூடாது என்பார்கள். மழை பெய்த வருஷத்தில் நெல்லைக் களத்தில் காயவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருப்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டுக்கும் தெரிந்த காட்சி.

தசை இல்லாத மஸில் கார்

சரி, கான்டெஸாவுக்கு வருவோம். இன்றைக்கு யூடியூபில் தேடினால் இதை "இந்தியாவின் மஸில் கார்" என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பேரில் கொஞ்சம் உண்மை, நிறைய ஆசை.

மஸில் கார் என்பது அமெரிக்கச் சரக்கு. நடுத்தர அளவு காரின் உடம்பில் பெரிய காரின் வி8 எஞ்சினைத் தூக்கி வைத்தால் அது மஸில் கார். 1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓ-வை முதல் உதாரணமாகச் சொல்வார்கள். 6.4 லிட்டர் எஞ்சின், 325 குதிரைத் திறன். பத்து வருஷம்கூட அந்தக் கூத்து நீடிக்கவில்லை. இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973-இல் எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் குடிக்கும் அந்தக் கார்கள் அடிமாட்டு விலைக்குப் போயின.

நம்ம கான்டெஸாவின் மூலம் இங்கிலாந்து. ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான வாக்ஸ்ஹால் கம்பெனி 1972-இல் கொண்டுவந்த விக்டர் எஃப்இ. அது 1976-இல் விஎக்ஸ் என்று பேர் மாறி, 1978-இல் அங்கே நின்றுபோனது. அதன் அச்சுகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, 1984-இல் கான்டெஸா என்று விற்பனைக்கு விட்டது. நீளமான பானட், அகலமான முகம், இடுப்பில் ஒரு வளைவு. பார்த்தால் அமெரிக்கக் கார் ஜாடை. ஆனால் பானட்டைத் திறந்தால் உள்ளே அம்பாசடரின் அதே 1489 சிசி எஞ்சின், சுமார் 50 குதிரைத் திறன். பயில்வான் சட்டையைப் போட்டுக்கொண்ட கணக்குப்பிள்ளை மாதிரி.

எண்பதுகளின் பிற்பாதியில்தான் விடிவு வந்தது. ஜப்பானின் இசுசு கம்பெனியின் 1.8 லிட்டர் எஞ்சினும், ஐந்து கியர் பெட்டியும் வந்தன. குதிரைத் திறன் எண்பதுக்கு மேல் போனது. அதுதான் கான்டெஸா கிளாசிக். அப்புறம் டீசலும் வந்தது. மந்திரிகள், கம்பெனி முதலாளிகள், சினிமாக்காரர்கள் என்று பெரிய மனிதர்களின் வண்டியாக அது மாறியது. இதே காலத்தில் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனியும் ஒரு பந்தயம் கட்டியது. ரோவர் எஸ்டி1 என்ற அழகான இங்கிலாந்துக் காரின் உடம்பில் தன் பழைய 2 லிட்டர் எஞ்சினை வைத்து, 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று விட்டது. அது 1988-லேயே நின்றுவிட்டது. உடம்பும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். கான்டெஸா தப்பித்ததற்குக் காரணம் அந்த இசுசு எஞ்சின். அதனால்தான் இன்றைக்கு கான்டெஸாவுக்கு விலை பேசும்போது முதல் கேள்வியே, "உள்ளே இசுசு இருக்கா, இல்ல மாத்திட்டீங்களா?"

இது வெறும் ஆசைக் கேள்வி இல்லை. பெட்ரோல் செலவு தாங்காமல் எத்தனையோ பேர் எஞ்சினை இறக்கிவிட்டு வேறு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். அன்றைக்கு அது புத்திசாலித்தனம். இன்றைக்கு அதே காரியம் காரின் விலையைக் குறைக்கிறது. அமெரிக்காவிலும் இப்படித்தான். பிறந்தபோது இருந்த எஞ்சினே இன்னும் இருக்கிறதா என்று நம்பர் பார்த்துத்தான் விலை வைப்பார்கள். எழுபதுகளில் யாரும் சீண்டாத ஹெமி குடா என்ற காரின் 1971 மாடல் திறந்த மேல்கூரை வண்டி ஒன்று 2014-இல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த வகையில் செய்ததே 11 வண்டிதான். இளவட்டமாக இருந்தபோது வாங்க முடியாததை, தலை நரைத்த பிறகு காசு கையில் வந்ததும் தேடிப் பிடிக்கிறார்கள். விலையை ஏற்றுவது அந்த ஏக்கம்.

நம்ம பக்கமும் அந்தத் தலைமுறைக்கு இப்போது ஐம்பது வயசு. நானும் அதில் ஒருவன்.

2002

பெரியப்பா இந்தக் காரை 1994-இல் சென்னையில் ஒரு கம்பெனி அதிகாரியிடம் இருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அந்த வருஷம் சம்பா நல்ல விளைச்சல். ஊருக்குள் அம்பாசடர் இரண்டு மூன்று இருந்தது, கான்டெஸா அவரிடம் மட்டும்தான். கல்லணைக் கால்வாயை நாங்கள் புது ஆறு என்போம். அந்தப் புது ஆற்றங்கரையில் அவர் காரைத் துடைத்து நிறுத்திவிட்டுக் குளிப்பார். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தாலே அன்றைக்கு முகம் மலர்ந்திருக்கும்.

அப்புறம் காலம் மாறியது. தாராளமயம் வந்து, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ, அடுத்த வருஷம் மறைமலை நகரில் இருந்து ஃபோர்டு ஐகான். சின்ன கார், குறைந்த பெட்ரோல், ஏசி வேலை செய்யும். கான்டெஸாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2002-இல் உத்தரபாராவில் கான்டெஸா உற்பத்தி நின்றது.

அதே 2002-இல் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கவில்லை. டெல்டாவில் குறுவை போனது. தண்ணீர் வந்தபோது பருவம் தாண்டிவிட்டது. பெரியப்பா அடுத்த வருஷம் காரைக் கொட்டகையில் ஏற்றினார். "ஆத்துல தண்ணி வந்ததும் இத எறக்கலாம்டா" என்று சொன்னதாக ஞாபகம். தண்ணீர் பிறகு பல வருஷம் வந்தது. கார் இறங்கவில்லை. கையைக் கடித்த வருஷம் மனசில் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் விற்கவும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை சரிந்து பானட்டின் மேலேயே விழுந்தது.

கொட்டகையில் ஒரு கணக்கு

நான் போனபோது கூட ஒரு டிங்கர் பாயை அழைத்துப் போனேன். தஞ்சாவூர் கரந்தைப் பக்கம் முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருப்பவர். அவர் காரைப் பார்த்த விதம், நெல் வியாபாரி கையில் நாலு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. காந்தத் துண்டு ஒன்றை வைத்துச் சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, படிக்குக் கீழே என்று ஒட்டி ஒட்டிப் பார்த்தார். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி தடவியிருக்கிறது என்று அர்த்தம். டிக்கியில் ஈரச் சாக்கை விலக்கி, ஸ்க்ரூ டிரைவரால் தரையைக் குத்தினார். அது உள்ளே போய்விட்டது.

"சார், இந்த வண்டிக்கு சேஸ் தனியா கிடையாது. பாடிதான் எலும்பு. அங்க துரு புடிச்சா செலவு ஜாஸ்தி. மேல இருக்க டென்ட்ட விடுங்க, அது ரெண்டு நாள் வேல."

ஒயரிங் முழுவதையும் எலி தின்றிருந்தது. நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், அதில் குற்றம் சொல்ல முடியாது. நல்ல செய்தி, எஞ்சின் இசுசுதான். எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் ஆர்சி புக்கோடு ஒத்துப்போயின. பாய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெய் ஊற்றிவிட்டு, அரை மணி கழித்து ஸ்பானர் போட்டு மெதுவாகத் திருப்பினார். சுற்றியது. பிடித்துக்கொள்ளவில்லை. அந்த நொடியில் என் முகம் மலர்ந்ததைப் பெரியம்மா பார்த்திருக்க வேண்டும்.

திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். துரு வெட்டி வெல்டிங், டிங்கரிங் 1,40,000. பெயின்ட் 80,000. எஞ்சின், கார்புரேட்டர், கூலிங் வேலை 70,000. பிரேக்கும் டயரும் 50,000. சீட், ரெக்ஸின், கண்ணாடி ரப்பர் 45,000. ஒயரிங் 25,000. பேப்பர் வேலைக்கு 25,000. கூட்டினால் 4,35,000. இந்த மாதிரி வேலையில் பிரிக்கப் பிரிக்கப் புதுச் செலவு முளைக்கும், அதனால் ஒரு 65,000 சேர்த்தோம். மொத்தம் ஐந்து லட்சம்.

அந்தப் பேப்பர் செலவைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். 15 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலில் இருந்து கட்டணம் 5,000. 20 வருஷம் தாண்டியதற்கு 2025-இல் அதை 10,000 ஆக்கினார்கள். அதற்கு மேல் தாமதக் கட்டணம், பசுமை வரி, இன்சூரன்ஸ். உரிமையாளர் இறந்துவிட்டால் முதலில் வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும். படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். "வின்டேஜ் கார்தானே, சலுகை உண்டே" என்று சிலர் சொல்வார்கள். 2021 விதிப்படி 50 வருஷம் ஆனால்தான் வின்டேஜ். முதல் கான்டெஸாவுக்கே அந்த வயசு 2034-இல்தான் வரும்.

சரி, செலவு ஐந்து லட்சம். முடித்த காருக்கு என்ன விலை கிடைக்கும்? நான் ஏற்கெனவே போன் போட்டு விசாரித்து வைத்திருந்தேன். ஓடுகிற, பேப்பர் சரியாக இருக்கிற வண்டிக்கு ஒருவர் ஏழு லட்சம் கேட்டார். அவரே கடைசியில் ஐந்துக்குத்தான் கொடுத்தார். கேட்ட விலையை நம்பாதீர்கள், கைமாறிய விலையை மட்டும் பாருங்கள். அப்படியானால் ஐந்தில் ஐந்து போனால்?

பூஜ்யம். கணக்குப்படி பெரியம்மா எனக்குக் காரைச் சும்மா கொடுக்க வேண்டும்.

மனசுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்கப்போவதில்லை. பொய் சொல்லத் தேவையே இல்லை, பேப்பரில் இருப்பதைக் காட்டினால் போதும். 30,000 கொடுத்தால்கூடத் தாராளம் மாதிரித் தெரியும். பழைய இரும்புக்காரர் எடைக்கு 26,000 சொல்லியிருந்தார். சென்னை புரோக்கர் ஒருவர் 70,000 சொல்லியிருந்தார். அவர் ஏதோ தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, பேப்பரை வாங்கிப் படித்தார். அப்புறம் கேட்டார்.

"யாரு தம்பி வாங்கப் போறது, நீதானே?"

நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது.

"வாங்கிக்க. நான் வேணாங்கல. ஆனா ஒண்ணு கேக்குறேன். நெல்லுல ஈரம் இருந்தா வியாபாரி கழிக்கிறான், சரி, ஈரம் நம்ம நெல்லுலதான் இருக்கு. அவன் லாரி வாடகையும், அவன் ஊட்டு மாடி கட்டுற செலவும் நம்ம தலையில கழிச்சா விடுவோமா? இதுல எது ஈரம், எது ஒன் ஊட்டு மாடி?"

பாய் சிரித்துவிட்டார். நான் பேப்பரைத் திரும்ப வாங்கினேன்.

எது ஈரம், எது மாடி

உச்ச நீதிமன்றத்தில் கம்பெனிகள் மாட்டிக்கொண்ட அதே கேள்விதான் இது, எந்தச் செலவு விலைக்குள் வரும் என்பது. துருவும், எலி தின்ற ஒயரும், கஜா போட்ட பள்ளமும் காரின் குறை. அதைக் கழிக்கலாம். ஆனால் 80,000 ரூபாய் பெயின்ட் என் ஆசை. ஓடுவதற்கு அதில் பாதியே போதும். புது ரெக்ஸின் என் ஆசை. முடித்த காரை அடுத்த மாசமே விற்கப்போகிறவன்தான் விற்கிற விலையில் இருந்து செலவைக் கழித்துப் பார்க்க வேண்டும். நான் விற்கப்போவதில்லை. பிறகு எதற்கு வியாபாரி கணக்கை எடுத்தேன்? அது எனக்கு லாபமாக வந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் புரோக்கரின் 70,000-மும் புரிந்தது. அவர் தெரியாமல் சொல்லவில்லை, அவரிடம் வேறு கணக்கு இருந்தது. இந்தக் காருக்கு உதிரி பாகம் யாரும் இப்போது செய்வதில்லை. எஞ்சின் சாமானையாவது தேடிப் பிடிக்கலாம். பின்பக்க விளக்கு, குரோம் பட்டை, கிரில், டேஷ்போர்டு இதெல்லாம் இன்னொரு கான்டெஸாவைப் பிரித்தால்தான் உண்டு. பாயிடம் கேட்டு எழுதினேன். எஞ்சினும் கியர் பெட்டியும் 45,000. விளக்கு, குரோம், கிரில் 30,000. கதவும் கண்ணாடியும் 25,000. டேஷ்போர்டு, சீட் 15,000. ஆக்ஸில், சஸ்பென்ஷன் 15,000. மிச்சக் கூடு இரும்புக்கு 10,000. மொத்தம் 1,40,000. பிரிக்கிற கூலி, லாரி, சாமான் விற்கிற வரை காத்திருப்பதற்கு 30,000 கழித்தால் 1,10,000. புரோக்கர் 70,000-க்கு வாங்கினால் கையில் 40,000 நிற்கும்.

ஆக, திரும்பக் கட்டினால் பூஜ்யம், பிரித்துப் போட்டால் லட்சத்துக்கு மேல். உயிரோடு இருப்பதைவிடச் செத்தால் விலை அதிகம். பழைய கார் விஷயத்தில் உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது, ஒவ்வொன்றாகப் பிரிபட்டுக் குறைவது இதனால்தான். குறையக் குறைய மிச்சம் இருப்பதன் விலை ஏறும். பேருக்குக்கூட விலை உண்டு. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. மூன்று வருஷம் கழித்து அந்தப் பேரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு ஃபிரான்ஸின் பெஜோ கம்பெனி வாங்கியது.

இரண்டாவது கணக்கையும் பெரியம்மாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு வரியையும் படித்துச் சொன்னேன். "புரோக்கருக்கு இது லட்சத்துக்கு மேல போகும் பெரியம்மா. 70,000-க்குக் குடுக்காதீங்க. எனக்கே குடுத்தாலும் லட்சத்துப் பத்தாயிரத்துக்குக் கொறஞ்சு குடுக்காதீங்க" என்றேன். சொல்லும்போது வாய் கொஞ்சம் கசந்தது, உண்மை.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து போன் வந்தது. புரோக்கரிடம் அதே பேப்பரை வைத்துப் பேசியிருக்கிறார். அவர் ஒரு லட்சம் வரை ஏறியிருக்கிறார்.

"அவன் பிரிச்சுத்தானே போடுவான்?" என்றார்.

"ஆமாங்க பெரியம்மா."

"நீ ஓட்டுவியா?"

"ரெண்டு வருஷம் ஆகும். ஆனா ஓட்டுவேன்."

"அப்ப நீ சொன்ன வெலைக்கே எடுத்துக்க. மொதல் தடவ எறக்கும்போது என்னய ஏத்திக்கிட்டுப் புது ஆத்தங்கரைக்குப் போவணும்."

1,10,000 கொடுத்தேன். ஆர்சி முதலில் அவர் பேருக்கு, பிறகு என் பேருக்கு என்று மாற்றும் வேலையும் என்னுடையது.

இப்போது கார் கரந்தைப் பட்டறையில் இருக்கிறது. டிக்கித் தரை முழுக்க வெட்டிப் புதுசு போட்டாகிவிட்டது. பார்க்காத இடத்தில், முன் கண்ணாடிக்கு அடியில் இன்னொரு துரு கிளம்பியது. நாங்கள் ஒதுக்கிய 65,000 அங்கேயே பாதி போய்விட்டது. பின்பக்க விளக்கு ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கணக்கை எந்த வியாபாரியிடம் காட்டினாலும் நான் ஏமாந்துவிட்டேன் என்றுதான் சொல்வார். அவர் கணக்கில் அது சரி.

உங்களில் யாராவது இப்படி ஒரு வண்டிக்கு விலை பேசப்போகிறீர்கள் என்றால், எனக்குத் தெரிந்ததை இப்படிச் சொல்வேன். முதலில் நம்பரும் பேப்பரும் பாருங்கள். அடுத்து துரு, அதிலும் அடித்தளத் துரு. மூன்று கணக்கு போடுங்கள்: எடைக்கு எவ்வளவு, பிரித்தால் எவ்வளவு, முடித்தால் எவ்வளவு. விற்கிறவர் கண்ணுக்கு எடைக் கணக்குத்தான் தெரியும், புரோக்கர் கையில் பிரிக்கிற கணக்கு இருக்கும், வாங்குகிறவன் கனவில் முடித்த கணக்கு இருக்கும். மூன்றையும் ஒரே பேப்பரில் எழுதி, இரண்டு பேரும் பார்க்கிற மாதிரித் திண்ணையில் வையுங்கள். அதற்கு அப்புறம் பேசுகிற விலை எதுவானாலும் பரவாயில்லை.

பெரியம்மா வாரம் ஒரு தடவை போன் பண்ணிக் கேட்கிறார், "வண்டி எந்த மட்டும் இருக்கு?" என்று. அடுத்த வருஷம் ஜூன் 12-க்குள் இறக்கிவிடலாம் என்று பாய் சொல்லியிருக்கிறார். மேட்டூர் திறந்து தண்ணீர் ஒரத்தநாடு வந்து சேர இன்னும் சில நாள் ஆகும். அதற்குள் அந்த விளக்கு கிடைக்க வேண்டும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.